விண்டோஸில் டெக்ஸ்ட் கோப்புகளோடு மல்லுக்கட்டாமல் வேலை பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சப்டைட்டில் திருத்துபவர், இணையதளத்துக்கு எழுதுபவர், சர்வர் அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாற்ற வேண்டியவர், எல்லாக் குறிப்பையும் டெக்ஸ்ட் கோப்பிலேயே எழுதி வைப்பவர் என்று பலருக்கும் இந்தத் தொல்லைகள் பொது. புது மென்பொருள் தேடி ஓடுவதற்கு முன்னால் விண்டோஸையே கொஞ்சம் சரிசெய்தால் பாதித் தலைவலி போய்விடும் என்பது என் கருத்து. ஏனென்றால் விண்டோஸ் மூன்று விஷயங்களை நம் கண்ணில் படாமல் வைக்கிறது: கோப்பின் எக்ஸ்டென்ஷன் (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் துண்டு), எழுத்துக் குறியாக்கம் (எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை), வரி முடிவுக் குறி (வரி எங்கே முடிகிறது என்று சொல்லும் குறி). வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் நிற்கும். பதில்கள் விண்டோஸ் 11-ஐ வைத்து எழுதியவை. விண்டோஸ் 10-இல் வழி வேறாக இருந்தால் ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

புதுக் கணினி வாங்கியிருக்கிறேன். முதலில் எதை மாற்றுவது?

எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ', அதற்குள் 'ஷோ', அதற்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்'. விண்டோஸ் 10-இல் 'வியூ' பட்டையிலேயே டிக் பெட்டி இருக்கும். இதை மாற்றாத வரை, அமைப்புக் கோப்பு என்று நினைத்து நீங்கள் சேமித்தது உண்மையில் பின்னால் டிஎக்ஸ்டி என்ற டெக்ஸ்ட் எக்ஸ்டென்ஷன் ஒட்டிக்கொண்ட வேறொரு கோப்பாக இருக்கும். மென்பொருள் அதைக் கண்டுகொள்ளாது. நீங்களும் ஏன் என்று தெரியாமல் விழிப்பீர்கள்.

பாதுகாப்புக்கும் இது முக்கியம். 2000 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ், காதல் கடிதம் என்ற பெயரில் டிஎக்ஸ்டி கோப்பு போலத்தான் மின்னஞ்சலில் வந்தது. பெயரின் கடைசியில் இன்னொரு புள்ளியும் விபிஎஸ் என்ற உண்மையான எக்ஸ்டென்ஷனும் (சொடுக்கினால் ஓடும் நிரலுக்கானது) இருந்தன. விண்டோஸ் அந்தக் கடைசித் துண்டை மறைத்துவிட்டதால், பார்த்தவர்களுக்கு அது வெறும் டெக்ஸ்ட் கோப்பு. இத்தனை வருடம் ஆகியும் மறைப்பதுதான் இயல்பு அமைப்பாகத் தொடர்கிறது. எனக்கு இது புரியவே இல்லை.

கோப்பை இருமுறை சொடுக்கினால் வேறு ஏதோ மென்பொருளில் திறக்கிறது. எப்படி மாற்றுவது?

கோப்பின் மீது வலது சொடுக்கு, 'ஓப்பன் வித்', 'சூஸ் அனதர் ஆப்'. உங்களுக்குப் பிடித்த எடிட்டரைத் தேர்ந்தெடுத்து, கீழே 'ஆல்வேஸ்' என்பதை அழுத்துங்கள். பல வகைகளை ஒரே மூச்சில் மாற்ற வேண்டுமென்றால் 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்', 'டிஃபால்ட் ஆப்ஸ்' போய் மேலே உள்ள பெட்டியில் எக்ஸ்டென்ஷனைத் தட்டி ஒவ்வொன்றாக மாற்றலாம். டிஎக்ஸ்டி, லாக், ஐஎன்ஐ, எஸ்ஆர்டி, எம்டி, ஜேசன் ஆகிய டெக்ஸ்ட் வகைகளை ஒரே எடிட்டருக்குத் திருப்பிவிடுவது நல்லது.

பேட் கோப்புகளையும் (கட்டளைகளின் பட்டியல்) ரெஜ் கோப்புகளையும் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியை மாற்றுபவை) தொடாதீர்கள். இருமுறை சொடுக்கினால் அவை இயங்க வேண்டியவை. திருத்த வேண்டும் என்றால் வலது சொடுக்கில் 'எடிட்' இருக்கிறது. ஆனால் ஜேஎஸ், விபிஎஸ் என்ற ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) வகை இரண்டையும் வேண்டுமென்றே நோட்பேடுக்கு மாற்றிவிடச் சொல்வேன். மின்னஞ்சலில் வந்த இணைப்பை யாராவது கைதவறிச் சொடுக்கினால், இயங்குவதற்குப் பதில் அதற்குள் இருக்கும் எழுத்து திரையில் தெரியும். அலுவலகக் கணினி என்றால் மட்டும், அங்கே ஏதாவது ஸ்கிரிப்ட் அன்றாட வேலைக்கு ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நோட்பேட் போதுமா? வேறு எடிட்டர் வேண்டுமா?

1985-இல் வந்த முதல் விண்டோஸிலிருந்தே நோட்பேட் கூட இருக்கிறது. வெகு காலம் அது மாறவே இல்லை. இப்போதைய நோட்பேடில் தாவல்கள், எழுத்துப்பிழை திருத்தி, இருண்ட திரை எல்லாம் வந்துவிட்டன. குறிப்பு எழுத, சிறு மாற்றம் செய்ய இது தாராளமாகப் போதும்.

பல கோப்புகளில் ஒரே நேரத்தில் ஒரு சொல்லைத் தேடி மாற்ற, குறியாக்கத்தை மாற்ற, கண்ணுக்குத் தெரியாத குறிகளைப் பார்க்க நோட்பேட்++ வைத்துக்கொள்ளுங்கள். டான் ஹோ 2003-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. பழைய கணினியிலும் சட்டென்று திறக்கும். நிரல் எழுதுபவர்களுக்கு விஎஸ் கோட் உண்டு. ஒரு வரி திருத்துவதற்காக மட்டும் விஎஸ் கோட் நிறுவ வேண்டாம். அதற்கு அது ரொம்பப் பெரிசு.

வேர்டில் மட்டும் டெக்ஸ்ட் கோப்பைத் திருத்தாதீர்கள். நேர் மேற்கோளை அது தானாக வளைந்த மேற்கோளாக்கும், இரண்டு சிறு கோடு போட்டால் ஒரு நீளக் கோடாக்கும். அமைப்புக் கோப்பு உடைய இவ்வளவு போதும். வேர்ட்பேடைத் தேடுபவர்களுக்கு: 2024-இல் வந்த விண்டோஸ் 11 24ஹெச்2 பதிப்போடு அதை எடுத்துவிட்டார்கள்.

புது நோட்பேட் எரிச்சலாக இருக்கிறது. பழைய தாவல்கள் எல்லாம் தானாகத் திறக்கின்றன, சொற்களுக்குக் கீழே சிவப்புக் கோடு வேறு.

மேலே வலது மூலையில் இருக்கும் பல்சக்கரத்தைச் சொடுக்குங்கள். கோப்பு புதுத் தாவலில் திறக்க வேண்டுமா, புது விண்டோவிலா. திறக்கும்போது போன முறை விட்ட இடம் வேண்டுமா, வெற்றுப் பக்கமா. எழுத்துப்பிழை திருத்தி, தானியங்கித் திருத்தம், கோபைலட் (மைக்ரோசாஃப்டின் செயற்கை நுண்ணறிவு உதவி) ஆகியவை வேண்டுமா என்று எல்லாவற்றுக்கும் அங்கே தனித்தனியாகச் சுவிட்ச் இருக்கிறது. தானியங்கித் திருத்தத்தை மட்டுமாவது அணைத்துவிடுங்கள் என்பேன். டெக்ஸ்ட் எடிட்டர் என்பது நாம் தட்டியதை அப்படியே வைக்க வேண்டும்.

சேமிக்காமல் மூடினாலும் அடுத்த முறை எழுதியது திரும்ப வருகிறதே, அதை நம்பி இருந்துவிடாதீர்கள். அது நோட்பேட் தனக்குள் வைத்திருக்கும் நகல். உங்கள் கோப்பில் எதுவும் மாறியிருக்காது. அந்தக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் பழையதுதான் போகும். செயலியை 'ரீசெட்' செய்தால் அந்த நகலும் போச்சு. கன்ட்ரோல் எஸ் அழுத்தும் பழக்கத்தை விடவேண்டாம்.

பழைய நோட்பேடே வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்', 'அட்வான்ஸ்டு ஆப் செட்டிங்ஸ்', 'ஆப் எக்சிக்யூஷன் அலையஸஸ்' என்று போய் நோட்பேடுக்கு எதிரே உள்ள சுவிட்சை அணையுங்கள். அப்புறம் விண்டோஸ் விசையும் ஆரும் சேர்த்து அழுத்தி, நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் பெரும்பாலான கணினிகளில் பழையது எழுந்து வரும்.

தமிழில் எழுதிச் சேமித்தேன். திறந்தால் எழுத்தே சரியாக வரவில்லை. என்ன ஆயிற்று?

முதலில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். அதை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால் செய்தி கெட்டது. கோப்பு 'ஆன்சி' குறியாக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதில் தமிழுக்கு இடம் இல்லாததால் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாக மாற்றி எழுதப்பட்டுவிட்டது. எழுதியது திரும்பாது. கோப்பை இன்னும் மூடவில்லை என்றால் கன்ட்ரோல் இசட் அழுத்திப் பாருங்கள், அல்லது வேறு பிரதி இருக்கிறதா என்று தேடுங்கள். விண்டோஸ் 10-இன் 2019 மே பதிப்பு வரும் வரைக்கும் நோட்பேடின் இயல்பு குறியாக்கமே ஆன்சிதான். அதற்கு முன்னால் தமிழில் சேமிக்கும்போது எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வரும். படிக்காமல் 'ஓகே' கொடுத்துத் தமிழை இழந்தவர்கள் ஏராளம். அந்தப் பதிப்பிலிருந்து, தமிழ் உட்பட எல்லா மொழிகளையும் தாங்கும் யுடிஎஃப்-8 குறியாக்கம் இயல்பாகிவிட்டது.

தலையில் சாய்வுக் கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ எழுத்தும், பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி வருகிறதா? கவலை வேண்டாம், எழுத்து பத்திரமாக இருக்கிறது. யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். அந்த மூன்றையும் மூன்று ஐரோப்பிய எழுத்துகளாக மென்பொருள் தவறாகப் படிக்கிறது, அவ்வளவுதான். நோட்பேடில் 'ஓப்பன்' பெட்டியின் கீழே 'என்கோடிங்' என்று இருக்கும். அதில் யுடிஎஃப்-8 கொடுத்துத் திறங்கள். நோட்பேட்++-இல் 'என்கோடிங்' மெனுவில் இரண்டு தொகுதி இருக்கும். மேலே உள்ளவை கோப்பை எப்படிப் படிப்பது என்பதற்கு. 'கன்வர்ட் டு' என்று தொடங்குபவை கோப்பையே மாற்றுவதற்கு. முதலில் மேல் தொகுதியில் தேர்ந்தெடுத்துத் தமிழ் சரியாகத் தெரிய வையுங்கள், பிறகே மாற்றுங்கள். அலங்கோலமாகத் தெரியும்போதே 'கன்வர்ட்' கொடுத்துச் சேமித்தால் அலங்கோலம்தான் கோப்பில் உட்காரும்.

வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துருதான் குறை. நிர்மலா யூஐ விண்டோஸ் 8-இலிருந்து கூடவே வருகிறது, அதைத் தேர்ந்தெடுங்கள்.

அர்த்தமே இல்லாத ஆங்கில எழுத்துகளாக வருகிறது, கோப்பும் இருபது வருடப் பழையது என்றால் அது பாமினி போன்ற எழுத்துருவில் தட்டியதாக இருக்கலாம். அந்தக் காலத்தில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி வைத்திருந்தார்கள். இலங்கையிலிருந்து வரும் பழைய கோப்புகளில் பாமினியை நிறையப் பார்க்கலாம். இங்கே குறியாக்கத்தை மாற்றிப் பயனில்லை. என்ஹெச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒரு மாற்றி வேண்டும்.

குறியாக்கத்தை ஊகிப்பது நோட்பேடுக்கு எப்போதுமே சுலபமாக இருந்ததில்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் 'புஷ் ஹிட் த ஃபேக்ட்ஸ்' என்ற ஆங்கில வாக்கியத்தை மட்டும் தட்டிச் சேமித்துத் திறந்தால் சீன எழுத்துகள் வரும். ஏதோ சதி என்று பேசியவர்கள்கூட உண்டு. அந்த வாக்கியத்தின் பைட்டுகளை நோட்பேட் யூனிகோட் (எல்லா மொழிகளுக்குமான பொது எழுத்துத் தரம்) வகை ஒன்றாகத் தவறாக ஊகித்ததுதான் விஷயம்.

எக்ஸெலில் திறந்தால் மட்டும் சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) தமிழ் உடைகிறது. நோட்பேடில் சரியாகத்தான் இருக்கிறது.

'சேவ் ஆஸ்' கொடுத்து 'யுடிஎஃப்-8 வித் பாம்' என்று சேமியுங்கள். பாம் என்பது கோப்பின் தொடக்கத்தில் வரும் 3 பைட் அடையாளம். சிஎஸ்வி-யைச் சொடுக்கித் திறக்கும்போது எக்ஸெல் அதைப் பார்த்துத்தான் யுடிஎஃப்-8 என்று தெரிந்துகொள்கிறது. இந்தப் பழக்கத்தைச் சிஎஸ்வி-யோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிஹெச்பி கோப்பிலோ லினக்ஸ் ஷெல் ஸ்கிரிப்டிலோ பாம் இருந்தால் தகராறு.

கணினி முழுக்க யுடிஎஃப்-8 என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறதாமே?

இருக்கிறது. 'ரீஜன்' அமைப்பில், 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்' தாவலில், 'சேஞ்ச் சிஸ்டம் லொக்கேல்' என்பதற்குள், 'பீட்டா' என்ற முன்னொட்டோடு. அதைத் தட்டினால் யூனிகோட் தெரியாத பழைய மென்பொருள்களுக்கும் யுடிஎஃப்-8 கொடுக்கப்படும். அவற்றில் சில இதற்குத் தயாராக இல்லாமல் உளறும். பழைய கணக்கு மென்பொருள், பழைய எழுத்துருவை நம்பிய டிடிபி மென்பொருள் வைத்திருக்கும் கணினியில் கைவைக்காதீர்கள்.

லினக்ஸ் சர்வரில் ஏற்றிய ஸ்கிரிப்ட் ஓடவில்லை. இங்கே பார்த்தால் ஒரு எழுத்துகூடத் தவறு இல்லை.

வரி முடிவுக் குறியைப் பாருங்கள். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இரண்டு குறி வைக்கிறது: சிஆர், எல்எஃப். லினக்ஸும் இன்றைய மேக்கும் எல்எஃப் மட்டும். டெலிபிரின்டர் காலத்தில் அச்சுத் தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவர ஒரு கட்டளை (சிஆர்), காகிதத்தை ஒரு வரி நகர்த்த இன்னொரு கட்டளை (எல்எஃப்) என்று இருந்ததன் மிச்சம் இது. லினக்ஸுக்கு அந்தக் கூடுதல் சிஆர் ஸ்கிரிப்டின் பகுதியாகத் தெரியும். அதனால் முதல் வரியிலேயே தடுக்கி விழும். பிழைச் செய்தியில் தொப்பி மாதிரி ஒரு குறியும் பக்கத்தில் எம் எழுத்தும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

நோட்பேட்++-இல் 'எடிட்', 'ஈஓஎல் கன்வர்ஷன்', 'யூனிக்ஸ்' கொடுத்துச் சேமித்தால் தீர்ந்தது. விஎஸ் கோடில் கீழ்ப்பட்டையில் சிஆர்எல்எஃப் என்று எழுதியிருப்பதைச் சொடுக்கி மாற்றலாம். நோட்பேட் எல்எஃப் கோப்புகளைச் சரியாகக் காட்ட ஆரம்பித்ததே விண்டோஸ் 10-இன் 2018 அக்டோபர் பதிப்பில்தான். அதற்கு முன்னால் முழுக் கோப்பும் ஒரே நீள வரியாகத் தெரியும். இப்போதும் அது குறியைக் கீழ்ப்பட்டையில் காட்டும், ஆனால் மாற்றித் தராது. பேட் கோப்புகளுக்கு இது நேர்மாறு. அவை சிஆர்எல்எஃப் ஆகவே இருக்கட்டும்.

எந்தக் கோப்பையும் வலது சொடுக்கிலிருந்தே என் எடிட்டரில் திறக்க முடியுமா?

நோட்பேட் என்றால் விண்டோஸ் 11-இன் மெனுவில் 'எடிட் இன் நோட்பேட்' இருக்கும். நோட்பேட்++ நிறுவும்போது தானே ஒரு வரி சேர்த்துக்கொள்ளும். வேறு எடிட்டர் என்றால் 'செண்ட் டு' வழியைத்தான் சொல்வேன். விண்டோஸ் விசையும் ஆரும் அழுத்தி, வரும் பெட்டியில் ஷெல் என்ற சொல், ஒரு முக்காற்புள்ளி, செண்ட்டூ என்ற சொல் மூன்றையும் ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். திறக்கும் கோப்புறையில் உங்கள் எடிட்டரின் ஷார்ட்கட்டைப் போட்டுவிடுங்கள். இனி எந்தக் கோப்பிலும் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு வலது சொடுக்கு, 'செண்ட் டு', எடிட்டர். எக்ஸ்டென்ஷனே இல்லாத கோப்புக்கும் இது வேலை செய்யும். ரெஜிஸ்ட்ரியைத் திருத்தியும் இதைச் செய்யலாம். ஆனால் ஷார்ட்கட்டை அழித்தால் பழையபடி ஆகிவிடும் என்பது போன்ற நிம்மதி ரெஜிஸ்ட்ரியில் கிடைக்காது.

விசைப்பலகையிலேயே திறக்க வேண்டுமா? எடிட்டரை டாஸ்க்பாரில் முதல் இடத்தில் பின் செய்யுங்கள். விண்டோஸ் விசையும் 1-ம் அழுத்தினால் திறந்துவிடும். இரண்டாவது இடம் என்றால் 2.

தமிழும் ஆங்கிலமும் மாற்றி மாற்றித் தட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் விசைப்பலகை மாற்றுவது அலுப்பாக இருக்கிறது.

மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, அதன் 'லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' உள்ளே தமிழ் 99 அல்லது ஃபொனெடிக் விசைப்பலகையைச் சேர்த்திருப்பீர்கள். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்தால் மாறும். பலருக்குத் தெரியாதது இன்னொன்று: 'செட்டிங்ஸ்', 'டைம் அண்ட் லாங்குவேஜ்', 'டைப்பிங்', 'அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்' போனால், ஒவ்வொரு விண்டோவுக்கும் தனி விசைப்பலகை வைத்துக்கொள்ள ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அதைத் தட்டிவிட்டால் நோட்பேடில் தமிழ், பிரவுசரில் ஆங்கிலம் என்று அது அதுவே நினைவில் வைத்துக்கொள்ளும். தமிழில் வேலை செய்பவர்களுக்கு விண்டோஸில் இதைவிடப் பயனுள்ள ஒற்றை மாற்றம் இல்லை என்றே சொல்வேன்.

பேக்ஸ்பேஸ், டிலீட் வித்தியாசத்தையும் கவனியுங்கள். 'கொ' என்பதற்குப் பின்னால் கர்சரை வைத்துப் பேக்ஸ்பேஸ் அடித்தால் கொம்பும் காலும் மட்டும் போய் 'க' நிற்கும். முன்னால் வைத்து டிலீட் அடித்தால் முழு எழுத்தும் போய்விடும். குறில் நெடில் திருத்த முழு எழுத்தையும் அழித்துத் தட்ட வேண்டியதில்லை.

ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்தினேன். சேமிக்க விடமாட்டேன் என்கிறது.

எந்த இணையப் பெயர் எந்த எண் முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் அந்தக் கோப்பு விண்டோஸ் கோப்புறைக்குள் இருப்பதால் நிர்வாகி அனுமதி வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் நோட்பேடைத் தேடி, வலது சொடுக்கி, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்து, பிறகு அதற்குள்ளிருந்து கோப்பைத் திறங்கள். 'ஓப்பன்' பெட்டியில் 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால்தான் எக்ஸ்டென்ஷன் இல்லாத இந்தக் கோப்பு கண்ணில் படும். புதிதாகச் சேமிக்கும்போது பெயரை இரட்டை மேற்கோளுக்குள் தட்டினால் டிஎக்ஸ்டி ஒட்டாது. அடிக்கடி திருத்துபவர்கள் மைக்ரோசாஃப்டின் இலவசப் பவர்டாய்ஸ் தொகுப்பை நிறுவலாம். அதில் ஹோஸ்ட்ஸுக்கென்றே ஒரு எடிட்டர் இருக்கிறது.

நகலெடுத்ததை எல்லாம் ஒன்றாக வைத்துக்கொண்டு ஒட்ட முடியுமா?

விண்டோஸ் விசையும் வி-யும். முதல் முறை இயக்கச் சொல்லிக் கேட்கும். அதன் பிறகு கடைசியாக நகலெடுத்த 25 துண்டுகள் வரை பட்டியலில் நிற்கும். கடவுச்சொல் நகலெடுத்தாலும் அதில் நிற்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நீண்ட நேரம் பார்த்தால் கண் வலிக்கிறது.

'அக்சஸிபிலிட்டி' பகுதியில் 'டெக்ஸ்ட் சைஸ்' 225 சதவீதம் வரை போகும். அங்கேயே 'டெக்ஸ்ட் கர்சர்' என்பதில் கர்சரைத் தடிமனாக்கி நிறமும் கொடுக்கலாம். பெரிய திரையில் கர்சர் எங்கே என்று தேடும் வேலை மிச்சம். எடிட்டருக்குள் கன்ட்ரோலைப் பிடித்து மவுஸ் சக்கரத்தை உருட்டினால் எழுத்து பெரிதாகும். தமிழ் எழுத்துக்கு ஆங்கிலத்தைவிட ஓரிரு புள்ளி கூடுதல் அளவு வைத்தால்தான் சுழியும் புள்ளியும் தெளிவாகத் தெரிகின்றன.

தினசரிக் குறிப்பு எழுத ஏதாவது வசதி?

புதுக் கோப்பின் முதல் வரியில் ஒரு புள்ளி, அதை ஒட்டி எல், ஓ, ஜி மூன்றும் பெரிய ஆங்கில எழுத்தில். சேமித்து மூடுங்கள். இனி நோட்பேடில் அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கடைசியில் தேதியும் நேரமும் தானாக விழும். மற்றக் கோப்புகளில் எஃப்5 அழுத்தினால் அதே தேதியும் நேரமும் கிடைக்கும்.

கட்டளைத் திரையை (டெர்மினலை) விட்டு வெளியே வராமல் திருத்த வழி உண்டா?

1991-இல் வந்த எம்எஸ்-டாஸ் 5-இல் 'எடிட்' என்றொரு எடிட்டர் இருந்தது. 64-பிட் விண்டோஸில் அது இல்லாமல் போனது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அதே பெயரில் புதிதாக ஒன்றை எழுதி, மூல நிரலோடு இலவசமாக வெளியிட்டது. 250 கிலோபைட்டுக்கும் குறைவு. டெர்மினலில் எடிட் என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். கட்டளை கிடைக்கவில்லை என்று வந்தால் தனியாக நிறுவிக்கொள்ளலாம். மவுஸும் வேலை செய்யும், கன்ட்ரோல் எஸ், கன்ட்ரோல் கியூ போன்ற பழகிய விசைகளும் வேலை செய்யும். விம் என்ற டெர்மினல் எடிட்டரைத் திறந்துவிட்டு வெளியேறத் தெரியாமல் டெர்மினலையே மூடுபவர்களுக்கு இது வரம்.

வீட்டில் மேக்கும் இருக்கிறது. அதில்?

டெக்ஸ்ட்எடிட்டின் 'செட்டிங்ஸ்' திறந்து, 'நியூ டாக்குமென்ட்' பகுதியில் 'பிளெய்ன் டெக்ஸ்ட்' தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் புதுக் கோப்பு ஆர்டிஎஃப் (எழுத்து அலங்காரங்களோடு கூடிய வகை) ஆகப் பிறக்கும். அதே இடத்தில் 'ஸ்மார்ட் கோட்ஸ்', 'ஸ்மார்ட் டேஷஸ்' இரண்டையும் அணையுங்கள். எக்ஸ்டென்ஷனைக் காட்டும் சுவிட்ச் ஃபைண்டரின் 'செட்டிங்ஸ்' உள்ளே 'அட்வான்ஸ்டு' தாவலில் இருக்கிறது.